ஹெச்பிவி பாசிட்டிவ்னா புற்றுநோயா? 15 வருஷம் டைம் தரும் வைரஸும், நாம் தவறவிடும் பரிசோதனையும்

'ஹெச்பிவி பாசிட்டிவ்'. லேப் ரிப்போர்ட்டில் இந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்ததும் பல பெண்களுக்கு உடனே இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, "அப்போ எனக்கு கேன்சரா?". இன்னொன்று, வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி: "இது யார் மூலமா வந்துச்சு?"

முதல் கேள்விக்குப் பதில், பெரும்பாலும் 'இல்லை'. இரண்டாவது கேள்விக்குப் பதில், எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நாம் கேட்காமலே விட்டுவிடும் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. "நான் கடைசியா எப்போ டெஸ்ட் எடுத்தேன்?" உயிரைக் காப்பாற்றுவது இந்தக் கேள்விதான். ஏன்னு விரிவாகப் பார்க்கலாம்.

ஹெச்பிவி என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது ஹெச்ஐவி இல்லை. எழுத்துகள் ஒரே மாதிரி இருப்பதால் ரிப்போர்ட்டைப் பார்த்து அதிர்ந்துபோகிறவர்கள் உண்டு. இரண்டும் முற்றிலும் வேறு வேறு வைரஸ்கள்.

ஹெச்பிவி என்பது 'ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்'. பாப்பிலோமா என்றால் தோலில் முளைக்கும் சின்னப் புடைப்பு. நம்ம ஊரில் மரு என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

இது ஒரே ஒரு வைரஸ் இல்லை, பெரிய குடும்பம். இதுவரை 200-க்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் பெயருக்குப் பதில் நம்பர். ஹெச்பிவி 1, ஹெச்பிவி 2 என்று போகும்.

சில வகைகள் கை, கால் தோலில் தங்கும். சுமார் 40 வகைகள் பிறப்புறுப்புப் பகுதியில் தங்கும். அதில் ஏறத்தாழ ஒரு டஜன் வகைகளுக்குத்தான் புற்றுநோயை உண்டாக்கும் திறன் இருக்கிறது. அவற்றை 'ஹை ரிஸ்க்' வகைகள் என்கிறார்கள். அதிலும் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே உலகில் வரும் கர்ப்பப்பை வாய் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம்.

அப்போ கையில் இருக்கும் மரு ஆபத்தா?

இல்லை. விரலில், முழங்கையில் வரும் சாதாரண மரு வேறு வகை ஹெச்பிவி-யால் வருவது. அது புற்றுநோயாக மாறாது, கர்ப்பப்பைக்கும் போகாது. உள்ளங்காலில் வரும் மருவை நிறைய பேர் கால் ஆணி என்று நினைத்துக்கொள்வார்கள். கால் ஆணி அழுத்தத்தால் தோல் தடித்துப்போவது. மரு வைரஸால் வருவது.

மருவுக்கு நம்ம ஊரில் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. சுண்ணாம்பு வைப்பது, நூல் கட்டுவது, கோயிலில் உப்பு மிளகு போடுவது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "எங்க வீட்ல செஞ்சாங்க, உதிர்ந்துடுச்சு"ன்னும் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்த வைரஸை அடையாளம் கண்டுகொண்டால், பெரும்பாலான மரு எதுவும் செய்யாமலே மறைந்துவிடும். அந்த நேரத்தில் என்ன வைத்தியம் செய்துகொண்டிருந்தோமோ, பெயர் அதற்குப் போய்விடும்.

இந்தச் சின்ன விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மருவை மறைய வைக்கும் அதே எதிர்ப்பு சக்திதான், கர்ப்பப்பை வாயில் தொற்றும் ஹெச்பிவி-யையும் பெரும்பாலும் துரத்திவிடுகிறது.

பிறப்புறுப்பில் வரும் மருவுக்கு 6, 11 என்ற வகைகள்தான் பெரும்பாலும் காரணம். சுமார் 90 சதவீத பிறப்புறுப்பு மரு இந்த இரண்டால் வருவது. இவை 'லோ ரிஸ்க்' வகைகள். புற்றுநோயை உண்டாக்காது. ஆனால் தொல்லை தரும். அரிதாக, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போய், குழந்தையின் தொண்டையில் மரு மாதிரி வளர்ந்து குரல் கரகரப்பை உண்டாக்குவதும் உண்டு.

எப்படிப் பரவுது? யார் மூலமா வந்துச்சு?

தோலும் தோலும் உரசுவதால் பரவும். பிறப்புறுப்பு வகைகள் முக்கியமாக உடலுறவு மூலம் பரவுகின்றன. ரத்தத்தில் பரவாது. காற்றில் பரவாது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். ஆனால் அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கலாம் என்பதால் முழுப் பாதுகாப்பு கிடையாது.

உடலுறவில் ஈடுபடும் ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது ஹெச்பிவி தொற்று ஏற்படும். கல்யாணமாகி ஒரே துணையுடன் வாழ்பவர்களுக்கும் வரலாம். இதில் ஒழுக்கம் சம்பந்தமான கேள்வி எதுவும் இல்லை. ஜலதோஷம் பிடிப்பதைப் போல, இது மனுஷ உடம்புக்கு ரொம்ப சகஜமான தொற்று.

இன்னொரு முக்கியமான விஷயம். வைரஸ் எந்த அறிகுறியும் காட்டாமல் வருஷக்கணக்கில் பதுங்கி இருக்கும். இன்றைக்கு டெஸ்டில் தெரிகிறது என்றால் போன மாதம் வந்ததாகவும் இருக்கலாம், பத்து வருஷத்துக்கு முன்னால் வந்ததாகவும் இருக்கலாம். அதனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணவரையோ மனைவியையோ சந்தேகப்படுவதில் அர்த்தமே இல்லை. அந்தச் சண்டைக்கு மருத்துவத்தில் சாட்சி கிடையாது.

உடம்புக்குள்ளே போய் என்ன செய்யும்?

காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்கள் பொதுவாக ரத்தத்தில் கலக்கும், செல்களை உடைக்கும், உடம்பு உடனே உஷாராகிவிடும். ஹெச்பிவி அப்படி இல்லை. சத்தம் போடாத திருடன் மாதிரி.

நம் தோலும் உள் சவ்வும் பல அடுக்குகள் கொண்டவை. அடி அடுக்கில்தான் புதிய செல்கள் பிறக்கும். அவை மெல்ல மெல்ல மேலே வந்து, கடைசியில் உதிர்ந்து போகும். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல் வழியாக வைரஸ் அந்த அடி அடுக்குக்குப் போய்ச் சேரும். செல் மேலே ஏற ஏற, வைரஸும் கூடவே ஏறி நகல் எடுத்துக்கொள்ளும். கடைசியில் உதிரும் செல்லோடு வெளியேறி அடுத்தவருக்குப் போகும்.

ரத்தத்துக்குள் போகவே இல்லை. செல்லை உடைக்கவும் இல்லை. அதனால் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வீக்கமும் இல்லை. எதிர்ப்பு சக்தி இதைக் கவனிக்கவே பல மாதங்கள் ஆகும். ஆனால் கவனித்துவிட்டால் வேலை முடிந்தது. சுமார் 90 சதவீத தொற்றுகள் இரண்டு ஆண்டுக்குள் தானாகவே கட்டுக்குள் வந்துவிடுகின்றன. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

புற்றுநோயாக எப்போது மாறுகிறது?

பிரச்னை, மீதி 10 சதவீதத்தில் ஆரம்பிக்கிறது. ஹை ரிஸ்க் வகை ஒன்று போகாமல் ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் தங்கிவிட்டால் ஆபத்து தொடங்குகிறது. அப்போதும் எல்லாருக்கும் இல்லை, ஒரு பகுதியினருக்கு மட்டும்.

நம் செல்கள் கண்டபடி பெருகாமல் இருக்க உள்ளே சில பிரேக் இருக்கின்றன. அதில் முக்கியமான இரண்டு புரதங்களின் பெயர் பி53, ஆர்பி. ஹெச்பிவி தயாரிக்கும் இ6 என்ற புரதம் பி53-ஐ அழித்துவிடும். இ7 என்ற புரதம் ஆர்பி-யைச் செயலிழக்க வைக்கும். ஃபுட் பிரேக்கும் இல்லை, ஹேண்ட் பிரேக்கும் இல்லை என்றால் வண்டி என்ன ஆகும்? செல் நிற்காமல் பெருகும். பெருகும்போது மரபணுவில் வரும் பிழைகள் சரி செய்யப்படாமல் சேர்ந்துகொண்டே போகும்.

கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியில் இரண்டு விதமான செல்கள் சந்திக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த இடம் இந்த வைரஸுக்கு ரொம்ப வசதி. அதனால்தான் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது.

ஆனால் இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. சாதாரண எதிர்ப்பு சக்தி உள்ள ஒரு பெண்ணுக்கு, தொற்றிலிருந்து புற்றுநோய் வரை போக பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சை எடுக்காத ஹெச்ஐவி போன்ற காரணங்களால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இது 5 முதல் 10 ஆண்டுகளாகக் குறையலாம். புகை பிடிப்பதும் ஆபத்தைக் கூட்டும்.

யோசித்துப் பாருங்கள். 15 வருஷம். இவ்வளவு நீண்ட முன்னறிவிப்பு தரும் புற்றுநோய்கள் ரொம்பக் குறைவு. அந்த 15 வருஷத்தில் எப்போது பார்த்தாலும், புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலேயே கண்டுபிடித்து, சில நிமிட சிகிச்சையில் முடித்துவிடலாம்.

வைரஸ்தான் காரணம் என்று எப்படித் தெரிந்தது?

1933-ல் ரிச்சர்ட் ஷோப் என்ற அமெரிக்க விஞ்ஞானி, காட்டு முயல்களின் தலையில் கொம்பு மாதிரி வளர்ந்த கட்டிகளுக்கு வைரஸ்தான் காரணம் என்று காட்டினார். அதுவும் பாப்பிலோமா வைரஸ் குடும்பம்தான். ஆனால் மனிதப் புற்றுநோயில் இதற்குப் பங்கு இருக்கும் என்று அப்போது பலரும் நினைக்கவில்லை.

1970-களில் கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு ஹெர்பிஸ் வைரஸ்தான் காரணம் என்று பல விஞ்ஞானிகள் நம்பினார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் ஸுர் ஹவுசன் மட்டும் "இல்லை, பாப்பிலோமா வைரஸாக இருக்கலாம்" என்று விடாமல் தேடினார். 1983-ல் புற்றுநோய்த் திசுவில் ஹெச்பிவி 16-ஐக் கண்டுபிடித்தார். அடுத்து ஹெச்பிவி 18. இதற்காக 2008-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு சோகமான தொடர்பும் இருக்கிறது. 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் கர்ப்பப்பை வாய் புற்றுநோயால் 31 வயதில் இறந்தார். அவரிடம் அனுமதி கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள்தான் இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளரும் 'ஹீலா' செல்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் செல்களைச் சோதித்தபோது, உள்ளே இருந்தது ஹெச்பிவி 18. அவர் இறந்தபோது அவரைக் கொன்றது எது என்று யாருக்கும் தெரியாது. இன்று நமக்குத் தெரியும்.

தெரிந்தும் ஏன் இவ்வளவு மரணங்கள்?

2022-ம் ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 6,60,000 பெண்களுக்குப் புதிதாகக் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வந்தது. சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 94 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

அதே ஆண்டு இந்தியாவில் சுமார் 1,27,000 பேருக்கு இந்த நோய் வந்ததாகவும், சுமார் 80,000 பேர் இறந்ததாகவும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு சொல்கிறது. கணக்குப் போட்டால் தினமும் 200 பேருக்கு மேல். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

பரிசோதனை எத்தனை பேர் எடுக்கிறார்கள்? 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட ரொம்ப முன்னால் இருக்கிறது. ஆனால் அந்த முன்னணி எண்ணும் 10 சதவீதத்துக்குக் கீழேதான். அதாவது நம் தெருவில் 10 பெண்கள் இருந்தால், 9 பேர் இந்த டெஸ்டையே பார்த்ததில்லை.

காரணம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு டெஸ்ட்?" என்ற எண்ணம். டாக்டர் முன்னாடி படுப்பதற்குக் கூச்சம். ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலை. வெள்ளைப்படுதலை, ரத்தக்கசிவை "சூடு", "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிப்போடும் பழக்கம். வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அந்த 15 வருஷமும் முடிந்திருக்கும்.

என்னென்ன டெஸ்ட் இருக்கு? வலிக்குமா?

மூன்று முக்கியமான முறைகள் இருக்கின்றன.

விஐஏ டெஸ்ட்: கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் மாதிரியான திரவத்தைத் தடவுவார்கள். மாற்றம் அடைந்த செல்கள் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸே செய்யலாம். ரிசல்ட் அங்கேயே தெரிந்துவிடும்.

பாப் ஸ்மியர்: கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. 'பாப்' என்பது பாப்பிலோமாவின் சுருக்கம் இல்லை. இதைக் கண்டுபிடித்த ஜார்ஜ் பாபனிக்கொலாவ் என்ற டாக்டரின் பெயர்.

ஹெச்பிவி டிஎன்ஏ டெஸ்ட்: வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்று நேரடியாகப் பார்ப்பது. மூன்றில் இதைத்தான் உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைக்கிறது. சாம்பிளைப் பெண்ணே தனக்குத் தானே எடுத்துக்கொடுக்கும் வசதியும் இதில் உண்டு. கூச்சப்படுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இவை எதற்கும் மயக்க மருந்து வேண்டாம். கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், அவ்வளவுதான். சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

திண்டுக்கல் உலகத்துக்குச் சொன்ன பாடம்

இந்த எளிமையான டெஸ்ட் நிஜமாகவே உயிரைக் காப்பாற்றுமா? உலகமே மேற்கோள் காட்டும் பதில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து போனது.

2000-ம் ஆண்டு அங்கே ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுள்ள கிராமத்துப் பெண்கள் 30,000-க்கும் மேற்பட்டோருக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் ஒரே ஒருமுறை விஐஏ டெஸ்ட் செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு, பாதிக்கப்பட்ட பகுதியை உறைய வைத்து நீக்கும் சிகிச்சையையும் கொடுத்தார்கள். 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாகின. டெஸ்ட் வசதி கொடுக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைவாக இருந்தன.

மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த இன்னொரு ஆய்வில், ஒரே ஒருமுறை ஹெச்பிவி டெஸ்ட் செய்த பகுதிகளில் மரணங்கள் பாதியாகக் குறைந்தன. அந்த முடிவு 2009-ல் வெளியானது.

பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், பெரிய மெஷின் வேண்டாம். ஒரு நர்ஸ், ஒரு டேபிள், ஒரு நல்ல விளக்கு. கிராமத்திலேயே இது நடந்திருக்கிறது.

பாசிட்டிவ் வந்தா அடுத்து என்ன?

பாசிட்டிவ் என்றால் வைரஸ் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை.

டாக்டர் அடுத்ததாகக் கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிப் பார்க்கும் 'கால்போஸ்கோபி' பரிசோதனை செய்யலாம். தேவைப்பட்டால் ஒரு சின்னத் துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பலாம். எதுவும் இல்லை என்றால் குறிப்பிட்ட காலம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

செல்கள் மாறியிருந்தால் அந்தச் சின்னப் பகுதியை உறைய வைத்தோ, சூட்டால் சுட்டோ, வெட்டியோ நீக்குவார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹெச்பிவி பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. "வயசாயிடுச்சு, எடுத்துடுங்க" என்று யாராவது சொன்னால், இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வைரஸைக் கொல்ல மாத்திரை இருக்கிறதா? இல்லை. வைரஸ் உண்டாக்கிய மாற்றத்தைத்தான் நீக்குகிறோம். வைரஸைத் துரத்துவது உடம்பின் வேலை. ஆனால் வராமலே தடுக்க ஒரு வழி இருக்கிறது.

ஹெச்பிவி தடுப்பூசி எப்படி வேலை செய்யுது?

ஆஸ்திரேலியாவில் 1991-ல் இயன் ஃபிரேசர், ஜியான் ஜோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் வழி காட்டினார்கள். வைரஸின் மேல்கூட்டை மட்டும் ஆய்வகத்தில் செய்ய முடியும் என்று கண்டுபிடித்தார்கள். உள்ளே வைரஸின் டிஎன்ஏ கிடையாது. வெறும் கூடு. அதனால் அது தொற்றை உண்டாக்கவே முடியாது. ஆனால் உடம்பு அதைப் பார்த்து நிஜ வைரஸ் என்று நினைத்து எதிர்ப்பு சக்தியைத் தயார் செய்துவிடும்.

2006-ல் முதல் தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2007-ல் ஆஸ்திரேலியா தேசிய அளவில் சிறுமிகளுக்குப் போட ஆரம்பித்தது. ஸ்காட்லாந்தில் 2008-ல் தொடங்கினார்கள். அங்கே 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடக் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வரவில்லை என்று 2024-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஒருவருக்குக்கூட.

இந்தியாவில் புனேவின் சீரம் நிறுவனம் தயாரித்த 'செர்வாவேக்' தடுப்பூசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. இது 6, 11, 16, 18 என நான்கு வகைகளிடமிருந்து பாதுகாக்கும். வெளிநாட்டு நிறுவனத்தின் 'கார்டாசில் 9' ஒன்பது வகைகளிடமிருந்து பாதுகாக்கும்.

எந்த வயசுல போடணும்? எத்தனை டோஸ்?

சரியான வயது 9 முதல் 14. "இவ்ளோ சின்னப் பொண்ணுக்கு எதுக்கு இந்த ஊசி?" என்று பெற்றோர் தயங்குவது புரிகிறது. காரணம் எளிமையானது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வைரஸை இந்த ஊசி வெளியேற்றாது. வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். அம்மைக்கு, போலியோவுக்கு முன்கூட்டியே போடுகிறோமே, அதே கணக்குதான்.

டோஸ் எண்ணிக்கையில் 2022-ல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. 9 முதல் 20 வயது வரை ஒரே ஒரு டோஸ்கூடப் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 21 வயதுக்கு மேல் இரண்டு டோஸ். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குக் கூடுதல் டோஸ் தேவை. அந்த ஒரு டோஸ் முடிவுக்குப் பின்னால் இந்தியாவுக்கு முக்கியப் பங்கு இருக்கிறது. அந்தக் கதை அடுத்து.

எந்தத் தடுப்பூசி, எத்தனை டோஸ் என்பதை அந்தத் தடுப்பூசிக்கான விதிமுறை, வயது இரண்டையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

தடுப்பூசியால பிரச்னைன்னு சொன்னாங்களே?

2009-ல் ஆந்திராவின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் பள்ளி மாணவிகளுக்குச் சோதனை முயற்சியாக ஹெச்பிவி தடுப்பூசி போடப்பட்டது. சில சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணைக் குழு, அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் என்பதற்குத் தொடர்பு இல்லை என்றது. ஆனால் பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்கவில்லை, விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது போன்ற குறைகளைக் கண்டித்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. ஏழைச் சிறுமி என்பதற்காகச் சம்மதம் கேட்காமல் விட முடியாது.

அந்த நேரத்தில் நாட்டின் வேறு இடங்களில் இன்னொரு ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு டோஸா, மூன்று டோஸா என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். அரசு உத்தரவால் அங்கேயும் ஊசி போடுவது பாதியில் நின்றது. சுமார் 5,000 சிறுமிகள் ஒரு டோஸ் மட்டுமே பெற்றிருந்தார்கள்.

ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை. பத்து ஆண்டுகளாகத் தொடர்ந்து கண்காணித்தார்கள். ஹெச்பிவி 16, 18 நீடித்த தொற்றுக்கு எதிராக ஒரு டோஸ் சுமார் 95 சதவீதப் பாதுகாப்பு தந்தது. இரண்டு, மூன்று டோஸுக்கு இணையாக இருந்தது. 2021-ல் இது வெளியானது. இன்று பல நாடுகள் ஒரு டோஸ் போதும் என்று முடிவெடுக்க, பாதியில் நின்றுபோன அந்த இந்திய ஆய்வும் ஒரு முக்கிய ஆதாரம்.

ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல், தலைவலி வரலாம். ஊசி பயத்தில் சில பிள்ளைகள் மயங்கலாம், அதனால் 15 நிமிடம் உட்கார வைப்பார்கள். குழந்தை பிறக்காது என்பது வெறும் வாட்ஸ்அப் வதந்தி. கர்ப்பிணிகள் மட்டும் பிரசவம் வரை தள்ளிப்போட வேண்டும்.

நம்ம நாட்டில் அரசு இலவசமா போடுதா?

சிக்கிம் 2018-லேயே பள்ளிகள் மூலம் போட்டு, தகுதியுள்ள சிறுமிகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோரை எட்டிக் காட்டியது. 2024 இடைக்கால பட்ஜெட்டில் 9 முதல் 14 வயது சிறுமிகளுக்கான தடுப்பூசியை ஊக்குவிப்போம் என்று மத்திய அரசு அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில், 14 வயது சிறுமிகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது.

உங்கள் பகுதியில் எப்போது, எங்கே போடுகிறார்கள் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பள்ளியிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆண்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிச்சயமாக. ஆண்குறி, ஆசனவாய், தொண்டையின் பின்பகுதி ஆகிய இடங்களில் வரும் சில புற்றுநோய்களுக்கும் ஹெச்பிவி காரணம். இந்தியாவில் வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலைதான் முதல் எதிரி. ஆனால் மேலை நாடுகளில் டான்சில் பகுதியில் வரும் புற்றுநோயில் ஹெச்பிவி 16-ன் பங்கு பெரிது.

ஆஸ்திரேலியா 2013-லிருந்தும், பிரிட்டன் 2019-லிருந்தும் ஆண் பிள்ளைகளுக்கும் போடுகின்றன. நம் நாட்டில் முன்னுரிமை சிறுமிகளுக்கு என்றாலும், பையன்களுக்கும் டாக்டர் ஆலோசனையோடு போடலாம்.

இந்த அறிகுறிகள் இருந்தால் தாமதிக்காதீங்க

ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. இவை வந்தால் உடனே பரிசோதிக்க வேண்டும்:

- உடலுறவுக்குப் பிறகு ரத்தக்கசிவு
- இரண்டு மாதவிலக்குக்கு இடையில் ரத்தப்போக்கு
- மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும்
- துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல்
- அடிவயிறு, இடுப்பில் விடாத வலி

இவை எல்லாமே புற்றுநோய் என்று இல்லை. வேறு சாதாரணக் காரணங்களும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான், பக்கத்து வீட்டு அக்கா இல்லை.

வயசு வாரியா என்ன செய்யணும்?

9 முதல் 14: தடுப்பூசி. இதுதான் சிறந்த காலம்.

15 முதல் 26: போடாமல் விட்டிருந்தால் இப்போதும் போடலாம். கல்யாணமானவர்களும் போடலாம். பலன் கொஞ்சம் குறையலாம், ஆனால் வீண் இல்லை.

30-க்கு மேல்: பரிசோதனை. தடுப்பூசி போட்டவர்களும் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகையையும் தடுக்காது. ஹெச்பிவி டெஸ்ட் என்றால் 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை போதும். விஐஏ, பாப் ஸ்மியர் என்றால் டாக்டர் சொல்லும் இடைவெளியில். ஹெச்ஐவி உள்ள பெண்கள் 25 வயதிலிருந்தே, இன்னும் குறைந்த இடைவெளியில் எடுக்க வேண்டும்.

2030-க்குள் 15 வயதுக்கு உட்பட்ட சிறுமிகளில் 90 சதவீதம் பேருக்கு ஊசி, 35 வயதிலும் 45 வயதிலுமாக 70 சதவீதம் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு இது. நம் வீட்டு அளவில் இலக்கு இன்னும் சின்னது. வீட்டில் 30 வயதைத் தாண்டிய அம்மா, அக்கா, மனைவி எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அதில் எத்தனை பேர் ஒருமுறையாவது இந்த டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் பரிசோதனை இலவசம். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து, ஏதாவது ஒரு காலை வேளையில் போனால் போதும். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் தோழியையோ நாத்தனாரையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் டெஸ்ட் முடிந்துவிடும்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற முடிவை மகப்பேறு மருத்துவரின் ஆலோசனையோடு எடுங்கள்.)